பெயர் சேர்த்தாயிற்றா?

டெல்டா மாவட்டங்களில் கல்லூரி, பள்ளி, மருத்துவமனை, கூட்டுறவுச் சங்கம் என்று ஏதோ ஒரு கட்டடத்தின் மூலை அறையில் உட்கார்ந்து ஊரார் சிஸ்டங்களையெல்லாம் பார்த்துக்கொள்ளும் நண்பர்களுக்கு,

சுவாமிமலையிலிருந்து எழுதுகிறேன். வேலை கும்பகோணம் பக்கம் ஒரு கல்லூரியில். மூன்று லேப், ஒரு அலுவலகம், ஒரு நூலகம். எல்லாவற்றுக்கும் நான் ஒருவன், கூட ஒரு தம்பி. உங்களில் பாதிப்பேருக்கு இதே கணக்குதான் இருக்கும். சிலருக்கு அந்தத் தம்பியும் இருக்கமாட்டான்.

ஒரு செய்முறைத் தேர்வு நாளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். புதிதாக வந்த 36 சிஸ்டங்களுக்கு முதல் நாள் பகலில் இமேஜ் போட்டு முடித்தோம். சாயங்காலம் எல்லாவற்றையும் டொமைனில் ஜாயின் பண்ணியாயிற்று. இரவு பத்தரை மணிக்கு, கடைசி பஸ் போன பிறகு, ஒவ்வொரு பெயராகத் தட்டி 'லேப் 2' குரூப்பில் சேர்த்துக்கொண்டிருந்தேன். ஜாவா, தேர்வுக்கான ஃபோல்டர், பிரின்டர் எல்லாமே அந்த குரூப் வழியாகத்தான் சிஸ்டத்துக்கு வரும். மறுநாள் காலை ஒன்பதரைக்கு எக்ஸ்டர்னல் வந்து உட்கார்ந்துவிட்டார். ஐந்து சிஸ்டத்தில் ஒன்றுமே வரவில்லை. டெஸ்க்டாப் பளிச்சென்று இருக்கிறது, உள்ளே ஜாவா இல்லை. ஐந்து மாணவிகள் கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்க்கிறார்கள். எச்.ஓ.டி. என்னைப் பார்க்கவில்லை, அதுதான் அதிகம் வலித்தது.

இரண்டு சிஸ்டங்களின் பெயரை நான் சேர்க்கவே இல்லை. தூக்கக் கலக்கத்தில் 17-க்குப் பதில் 27-ஐ இரண்டு முறை தட்டியிருக்கிறேன். இன்னொன்று கண்ணிலேயே படவில்லை. மற்ற மூன்றும் குரூப்பில் இருந்தன. ஆனால் சேர்த்த பிறகு அவற்றை ரீஸ்டார்ட் பண்ணவில்லை.

இந்த இரண்டாவது விஷயம் நம்மில் பலரைக் கவிழ்த்திருக்கும் என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன். சிஸ்டம் ஆன் ஆகும்போது டொமைன் கன்ட்ரோலரிடம் போய் 'நான் இன்னார்' என்று சொல்லி ஒரு கெர்பராஸ் டிக்கெட் வாங்கிக்கொள்கிறது. அது எந்தெந்த குரூப்பில் இருக்கிறது என்ற பட்டியல் அந்த டிக்கெட்டிலேயே அச்சாகிவிடும். வழக்கமான அமைப்பில் டிக்கெட்டின் ஆயுள் 10 மணி நேரம். நடுவில் நீங்கள் குரூப்பில் சேர்த்தாலும் சிஸ்டத்தின் கையில் இருப்பது பழைய சீட்டு. ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கத் தாலுகா ஆபீஸில் உத்தரவாகிவிட்டது, ஆனால் கடைக்காரர் கையில் இருப்பது போன மாதப் பட்டியல் என்றால் அரிசி கிடைக்குமா? அதே கதைதான். மென்பொருள் நிறுவலும் சிஸ்டம் எழும்போதுதான் நடக்கும் என்பதால், பெயர் சேர்த்த பிறகு ஒரு ரீஸ்டார்ட் இல்லாமல் வேலை முடிந்ததாகக் கணக்கில்லை.

எங்கள் ஊரில் சிலை வார்க்கும் பட்டறைகளைப் பார்த்திருப்பீர்கள். தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்து உருவம் பிடித்து, அதன்மேல் காவிரி வண்டலைப் பூசி, கம்பி கட்டி, சூடேற்றி மெழுகை உருக்கி வெளியே விட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறியதும் மண் அச்சை உடைத்துவிட வேண்டியதுதான். ஒரு அச்சுக்கு ஒரு சிலை. 2023-ல் டெல்லி பாரத் மண்டபத்துக்கு இங்கிருந்து போன 27 அடி நடராஜரும் இந்த மெழுகு முறையில் பிறந்தவர்தான். அச்சிலிருந்து வந்ததும் வேலை முடிந்துவிடாது. உளியும் அரமும் வைத்துச் சீவித் தேய்ப்பதற்குத்தான் மாதக்கணக்கில் ஆகும். கண் திறப்பது எல்லாவற்றுக்கும் கடைசியில்.

நம் வேலை இதற்கு நேர்மாறு. ஒரே அச்சு, 36 சிஸ்டம். சிலையைப் பார்த்தால் அது அம்மனா சோமாஸ்கந்தரா என்று தெரிந்துவிடும். இமேஜ் போட்டு எழுந்த சிஸ்டத்துக்குத் தான் லேப்பில் இருக்கிறோமா, பர்ஸார் மேஜையில் இருக்கிறோமா என்பது தெரியாது. அந்த அடையாளத்தை நாம்தான் வெளியிலிருந்து கொடுக்கவேண்டும்: பெயர், இடம், குரூப். அதைக் கடைசிச் சில்லறை வேலை என்று இரவு பத்தரைக்குத் தள்ளியதுதான் என் தப்பு.

நம் டொமைனை நடத்தும் ஆக்டிவ் டைரக்டரி 2000-ம் ஆண்டு பிப்ரவரியில் விண்டோஸ் 2000-உடன் வந்தது. ஜாயின் ஆன சிஸ்டத்தை அது தானாகச் சேர்ப்பது ஒரே ஒரு குரூப்பில், 'டொமைன் கம்ப்யூட்டர்ஸ்' என்ற பொதுப் பட்டியலில். மற்றபடி எதுவும் தானாக நடக்காது. விதி எழுதி வைத்தால் தானே நிரம்பிக்கொள்ளும் பாதுகாப்பு குரூப் இத்தனை வருடம் ஆகியும் அதில் இல்லை. மைக்ரோசாஃப்ட்டின் மேகச் சேவையான என்ட்ராவில் இருக்கிறது. அதற்குத் தனி லைசென்ஸ் கட்டவேண்டும். நம் பிரின்சிபாலிடம் அந்தப் பில்லை நீட்ட எனக்குத் தைரியம் இல்லை.

போதாக்குறைக்கு, புது சிஸ்டம் போய் விழுவது 'கம்ப்யூட்டர்ஸ்' என்ற பெயரில் இருக்கும் ஒரு பெட்டியில். அது ஓயூ (ஆர்கனைசேஷனல் யூனிட்) அல்ல, வெறும் பெட்டி. அதற்கென்று குரூப் பாலிசி எதையும் கட்டமுடியாது. நீங்களாக நகர்த்தும்வரை சிஸ்டம் அங்கேயே அநாதையாகக் கிடக்கும். 'ரெடிர்கம்ப்' என்ற ஒற்றைக் கட்டளையில் இனி வரும் சிஸ்டங்களெல்லாம் நீங்கள் சொல்லும் ஓயூவில் இறங்கும்படி மாற்றலாம். இதை நான் தெரிந்துகொண்டது வேலையில் சேர்ந்து ஆறாவது வருடம். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

சரி, குரூப்பில் சேர்ப்பதைத் தானாக நடக்கவைப்பது எப்படி? கையில் முதலில் அகப்படும் வழி, இமேஜ் போடும் வரிசையின் கடைசியில் ஒரு ஸ்கிரிப்டைச் செருகிவிடுவது. சிஸ்டம் எழும், ஸ்கிரிப்ட் ஓடும், தன் பெயரைத் தானே குரூப்பில் எழுதிக்கொள்ளும். அழகாக இருக்கும். நானும் அதைத்தான் செய்தேன். ஆனால் குரூப்பில் எழுத அனுமதி வேண்டுமே? அதற்காக ஒரு அட்மின் பெயரையும் பாஸ்வேர்டையும் ஸ்கிரிப்டுக்குள்ளேயே எழுதி வைத்தேன். வேலை முடிந்ததும் ஃபைல் அழிந்துவிடும் என்று நம்பினேன். சில சிஸ்டங்களில் அழியவில்லை.

மூன்றாமாண்டு மாணவன் ஒருவன் மதிய இடைவேளையில் வந்து நின்றான். "சார், சி டிரைவ்ல ஒரு ஃபைல் கெடக்கு. நான் தொறந்து பாத்துட்டேன். வேற யாரும் பாக்கறதுக்குள்ள எடுத்துடுங்க சார்" என்றான். டொமைன் முழுவதற்குமான சாவி அது. மார்க் பட்டியல் இருக்கும் சர்வர் உட்பட. அந்தப் பையன் நல்லவனாக இருந்தது நான் செய்த புண்ணியம் இல்லை, அவன் அம்மா வளர்த்த விதம்.

இந்தக் குழியில் விழுந்தது நான் மட்டுமல்ல என்று பிறகு தெரிந்தது. குரூப் பாலிசி ப்ரிஃபரன்ஸஸில் பாஸ்வேர்டை எழுதி வைக்கும் வசதியை மைக்ரோசாஃப்ட்டே கொடுத்திருந்தது. டொமைனில் இருக்கும் யாரும் அந்த ஃபைலைப் படிக்கலாம். பூட்டைத் திறக்கும் சாவியும் அவர்களுடைய ஆவணத்திலேயே பிரசுரமாகியிருந்தது. 2014 மே மாதம் அந்த வசதியை எடுத்தார்கள். அவ்வளவு பெரிய கம்பெனி செய்த தப்பை இன்றைக்கும் நம் இமேஜ்களுக்குள் நாம் செய்துகொண்டிருக்கிறோம். உங்கள் இமேஜில் பாஸ்வேர்டு இருந்தால் இந்த மடலைக் கீழே வைத்துவிட்டு முதலில் அதை மாற்றுங்கள். மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

நான் இப்போது வைத்திருக்கும் ஏற்பாட்டில் வேலையைச் சிஸ்டம் செய்வதில்லை, சர்வர் செய்கிறது. ஒவ்வொரு லேப்புக்கும் ஒரு ஓயூ. ஜாயின் பண்ணும்போதே சிஸ்டம் சரியான ஓயூவில் இறங்குகிறது. கால் மணி நேரத்துக்கு ஒருமுறை சர்வரில் ஒரு பவர்ஷெல் ஸ்கிரிப்ட் எழுந்து, ஓயூவில் இருக்கும் சிஸ்டங்களையும் குரூப்பில் இருக்கும் பெயர்களையும் ஒத்துப்பார்க்கிறது. ஓயூவில் இருந்து குரூப்பில் இல்லாததைச் சேர்க்கும்; குரூப்பில் இருந்து ஓயூவை விட்டுப் போனதை நீக்கும். என்ன செய்தது என்று தேதி, நேரத்தோடு ஒரு ஃபைலில் எழுதி வைக்கும். முப்பது வரிகூட வராத ஸ்கிரிப்ட்.

அதை ஓட்டும் கணக்கின் பாஸ்வேர்டு எனக்கே தெரியாது. சர்வர் 2012-லிருந்து 'குரூப் மேனேஜ்டு சர்வீஸ் அக்கவுன்ட்' என்று ஒன்று இருக்கிறது. அதன் பாஸ்வேர்டை டொமைனே உருவாக்கி, டொமைனே மாற்றிக்கொள்கிறது. அந்தக் கணக்குக்கு நான் கொடுத்திருக்கும் அதிகாரம் மூன்றே மூன்று லேப் குரூப்பின் உறுப்பினர் பட்டியலில் எழுதுவது மட்டும். நாளைக்கு யாராவது அதைத் திருடினாலும் லேப் சிஸ்டத்தை இன்னொரு லேப்பில் சேர்க்கலாம், அவ்வளவுதான்.

நீக்குவதும் அதே விதியில் இருக்கவேண்டும். சேர்ப்பதில் நாம் காட்டும் அக்கறை எடுப்பதில் இருப்பதில்லை. தேர்வுப் பிரிவிலிருந்து நூலகத்துக்கு மாற்றிய சிஸ்டம் இரண்டு வருடம் தேர்வுப் பிரிவு குரூப்பிலேயே இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். மாணவர்கள் உட்கார்ந்து நாளிதழ் படிக்கும் சிஸ்டம் அது.

விதியை எதன்மேல் வைப்பது என்பதிலும் ஒரு வார்த்தை. பெயரை வைத்துச் சேர்ப்பது சுலபம்: 'லேப்' என்று பெயர் தொடங்கினால் லேப் குரூப், 'கணக்கு' என்று தொடங்கினால் கணக்குப் பிரிவு. பலர் இப்படித்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் பெயரைத் தேர்ந்தெடுப்பது யார்? ஜாயின் பண்ணுகிறவர். வழக்கமான அமைப்பில் டொமைனில் கணக்கு உள்ள எவரும் 10 சிஸ்டம் வரை தாங்களே ஜாயின் பண்ணலாம். மாணவரும்தான். ஒருவன் தன் லேப்டாப்புக்கு 'கணக்கு' என்று தொடங்கும் பெயரை வைத்து ஜாயின் பண்ணினால் உங்கள் தானியங்கி ஸ்கிரிப்ட் சிரித்த முகத்தோடு அதைக் கணக்குப் பிரிவில் சேர்த்துவிடும். அந்தப் பத்தை முதலில் பூஜ்யமாக்குங்கள். 'மெஷின் அக்கவுன்ட் கோட்டா' என்று தேடினால் கிடைக்கும். பிறகு ஜாயின் பண்ணும் அதிகாரத்தை ஒரு தனிக் கணக்குக்கு, உங்கள் ஓயூக்களுக்குள் மட்டும் கொடுங்கள். விதி ஓயூவின் மேல் இருக்கட்டும். பெயரை யாரும் வைத்துக்கொள்ளலாம். ஓயூவுக்குள் நுழைய அனுமதி வேண்டும்.

பெயரே வேண்டாம் என்று சொல்லவில்லை. எந்த மேஜை என்று கண்டுபிடிக்க அது வேண்டும். அரசுப் பள்ளிகளில் ஹைடெக் லேப் பார்க்கும் நண்பர்களுக்கு ஒரு வசதி உண்டு. சிஸ்டம் பெயருக்கு 15 எழுத்து வரம்பு. பள்ளியின் யூடைஸ் எண், நம் மாநிலத்துக்கு 33 என்று தொடங்குவது, 11 இலக்கம். அதன்பின் ஒரு எழுத்து, மூன்று இலக்கம். யாரோ அளவெடுத்துத் தைத்ததுபோல் பதினைந்தில் முடிகிறது.

எல்லாவற்றையும் தானாக விடலாமா என்று கேட்டால், கூடாது என்பேன். பட்டா மாறுதலை எடுத்துக்கொள்ளுங்கள். நம் அப்பாக்கள் அதற்காக விஏஓ ஆபீஸுக்கு எத்தனை நடை நடந்தார்கள்! இப்போது உட்பிரிவு தேவைப்படாத முழுப் புலத்தைக் கிரயம் வாங்கினால் பதிவு முடிந்ததும் பட்டா தானாகப் பெயர் மாறுகிறது. நிலத்தைப் பிரித்து வாங்கினால் சர்வேயர் வந்து சங்கிலி போட்டுத்தான் ஆகவேண்டும். இந்தப் பிரிவினை எனக்குப் பிடித்திருக்கிறது. லேப் சிஸ்டங்கள் முழுப் புலக் கிரயம், தானாகச் சேரட்டும். தேர்வுப் பிரிவு, சம்பளம், மருத்துவமனையில் நோயாளிப் பதிவேடு, சங்கத்தில் கடன் கணக்கு ஆகியவை உட்பிரிவு. அங்கே ஒரு மனிதர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பெயர் ஏறவேண்டும். அட்மின் அதிகாரம் தரும் குரூப்களைத் தானியங்கி ஸ்கிரிப்ட் தொடவே கூடாது.

'இதெல்லாம் பெரிய கம்பெனிக்குச் சரி, நம்ம ஊர்ல யார் சார் வரப்போறாங்க' என்று ஒரு நண்பர் சொன்னார். 1904-ல் தொடங்கி இன்றும் கும்பகோணத்தையே தலைமையிடமாக வைத்திருக்கும் சிட்டி யூனியன் வங்கி, 2018 பிப்ரவரியில் தன் ஸ்விஃப்ட் அமைப்பு வழியாக மூன்று மோசடிப் பரிமாற்றங்கள் நடந்ததாக அறிவித்தது. மதிப்பு ஏறத்தாழ 20 லட்சம் டாலர். பணம் போன திசை துபாய், துருக்கி, சீனா. குரூப் பட்டியலால் நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. நான் கவனித்தது வேறு. அவர்கள் அதைக் கண்டுபிடித்தது எந்த மாயக் கருவியாலும் இல்லை. அன்றாடம் கணக்கு ஒத்துப்பார்க்கும் வேலையில். நம் ஸ்கிரிப்ட் எழுதிவைக்கும் ஃபைலை வாரம் ஒருமுறையாவது திறந்து பார்க்கச் சொல்வது இதனால்தான். நான் திங்கட்கிழமை காலை காபியோடு பார்க்கிறேன். பெரும்பாலும் காபிதான் சுவாரஸ்யமாக இருக்கும்.

லைசென்ஸ் வாங்கப் பணமில்லை என்பவர்களுக்குச் சம்பா இருக்கிறது. நெல் இல்லை, மென்பொருள். 2012 டிசம்பரில் வந்த அதன் நான்காம் பதிப்பிலிருந்து லினக்ஸ் சர்வரே ஆக்டிவ் டைரக்டரியின் டொமைன் கன்ட்ரோலராக இருக்கமுடியும். ஓயூ, குரூப், ஒத்துப்பார்க்கும் ஸ்கிரிப்ட் எல்லாம் அதிலும் நடக்கும். கட்டணம் கிடையாது.

பழைய சிஸ்டத்தை ஃபார்மட் பண்ணி அதே பெயரில் திரும்ப ஜாயின் பண்ணுகிறீர்களா? 2022 அக்டோபருக்குப் பிறகு அது பல இடங்களில் மறுக்கப்படுகிறது. ஒரு டொமைன் அட்மின் உருவாக்கிய கணக்காக இல்லாவிட்டால், அதை முதலில் உருவாக்கியவரைத் தவிர வேறொருவர் அதே பெயரை எடுத்துக்கொள்ளக்கூடாது என்று மைக்ரோசாஃப்ட் இறுக்கிவிட்டது. எங்கள் கல்லூரியில் பாதிக் கணக்குகள் எனக்கு முன் இருந்தவர் பெயரில் இருந்தன. அவர் துபாய் போய் நாலு வருடம். கோபத்தில் பழைய கணக்கை டெலீட் பண்ணிவிட்டுப் புதிதாக உருவாக்காதீர்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் அடையாள எண் வேறு. பழைய குரூப்பெல்லாம் போய்விடும். 2023 மார்ச்சில் இதற்கென ஒரு பாலிசி வந்தது. நம்பகமான கணக்குகளை அதில் எழுதிவைத்தால், அவற்றின் உரிமையில் இருக்கும் பெயர்களைத் திரும்பப் பயன்படுத்த விடும். ஜாயின் வேலைக்கென்று ஒரே தனிக் கணக்கை முதலிலேயே வைத்திருந்தால் இந்தத் தலைவலியே இல்லை.

கடைசியாக, பழையதைக் கழிக்கும் ஸ்கிரிப்ட். '90 நாள் வராத சிஸ்டத்தை அழி' என்று எழுதி வைத்திருக்கும் நண்பர்களே, கொஞ்சம் நில்லுங்கள். 2020 மார்ச்சில் மூடிய நம் கல்லூரிகள் அந்த டிசம்பரில்தான் இறுதியாண்டு மாணவர்களுக்கே திறந்தன. அந்த ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருந்தால் ஜூன் மாதமே லேப் முழுக்கக் காலி. 2018 நவம்பர் 16-ம் தேதி கஜா புயல் வேதாரண்யத்தில் கரையேறிய பிறகு இந்த மாவட்டங்களின் பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. இது டெல்டா, இங்கே சிஸ்டம் தூங்குவதற்கு ஆயிரம் காரணம் இருக்கும். முப்பது நாள் அணைந்திருந்தால் டொமைன் உறவு அறுந்துவிடும் என்று சிலர் பயப்படுவார்கள், அறாது. தன் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றக் கேட்பது சிஸ்டம்தான், எழுந்த பிறகு கேட்டுக்கொள்ளும். ஆகவே ஸ்கிரிப்ட் அழிக்க வேண்டாம். முடக்கி, தனி ஓயூவுக்கு நகர்த்தி, உங்களுக்கு ஒரு பட்டியல் அனுப்பட்டும். அழிப்பதை நீங்களே, நேரில் போய் அந்த மேஜையைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். நாளை வேலைக்குப் போனதும் டைரக்டரியைத் திறந்து, அந்த 'கம்ப்யூட்டர்ஸ்' பெட்டியில் எத்தனை சிஸ்டம் கிடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். நான் முதல்முறை எண்ணியபோது 61 இருந்தது. அதில் 14 எந்த அறையில் இருக்கிறது என்று கல்லூரியில் ஒருவருக்கும் தெரியவில்லை.

அன்புடன்,
ஒரு லேப் பொறுப்பாளர்,
சுவாமிமலை.